நடுவுல பிறந்த கார்



மூணு வருஷத்துக்கு முன்னாடி மாமா சிங்கப்பூரிலிருந்து வந்தபோது எங்களுக்கு மூன்று பொம்மைக் கார்கள் வாங்கி வந்தார். உள்ளங்கையில் அடங்குகிற உலோகக் கார்கள். மூன்றும் ஜப்பானின் நிசான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். ஆனால் மூன்று வேறு வேறு தலைமுறை. மூத்தவன் என்பதால் அண்ணன் முதலில் ஆர்32-ஐ எடுத்துக்கொண்டான். தங்கச்சி அழுது அடம்பிடித்து நீலக்கலர் ஆர்34-ஐ வாங்கிக்கொண்டாள். பெட்டியில் மிச்சம் இருந்தது ஆர்33. அது எனக்கு. எங்க வீட்ல மிச்சம் இருக்கறது எப்பவும் எனக்குத்தான்.

"மாமா, இது நல்ல காரா?" என்று கேட்டேன்.

"நல்ல கார்தாண்டா. ஆனா சேகரிக்கறவங்க எல்லாம் 32-ஐயும் 34-ஐயும்தான் தேடுவாங்க" என்றார்.

அது மனசுல முள்ளு மாதிரி தைச்சிடுச்சு. அன்றிலிருந்து மூன்று கார்களைப் பற்றியும் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு ஜி.டி.ஆரைக்கூட நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் தாத்தா கதை. முதல் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். வந்தது 1969-ல். இரண்டாவது 1973-ல் வந்தது. புகைக் கட்டுப்பாடு கடுமையானதால் மொத்தம் 197 வண்டிகளோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு 16 வருடம் அந்தப் பெயரில் காரே இல்லை.

அப்புறம் 1989-ல் வந்ததுதான் ஆர்32. 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. இன்ஜின் பெயர் ஆர்.பி.26. வழக்கமாகப் பின் சக்கரங்களுக்கே சக்தி போகும். பின் சக்கரம் வழுக்கினால் கம்ப்யூட்டர் அதை உணர்ந்து முன் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும். 1990 முதல் 1993 வரை ஜப்பானில் நடந்த குரூப் ஏ பந்தயங்களில் 29 போட்டி, 29 வெற்றி! ஆஸ்திரேலியாவில் பாதர்ஸ்ட் பந்தயத்தை 1991, 1992 இரண்டு வருடமும் ஜெயித்தது. அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'காட்ஸில்லா'. எங்க அண்ணன் மாதிரியே, போன இடமெல்லாம் முதல் பரிசு.

கடைசிப் பிள்ளை ஆர்34. 1999 முதல் 2002 வரை வந்தது. ஆறு கியர். வண்டியின் சூடு, டர்போ அழுத்தம் எல்லாவற்றையும் காட்டுகிற சின்னத் திரை டேஷ்போர்டில் இருக்கும். வீடியோ கேமிலும் சினிமாவிலும் வந்து உலகம் முழுக்கச் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. 2009-ல் வந்த 'ஃபாஸ்ட் அண்ட் ஃப்யூரியஸ்' படத்தில் பால் வாக்கர் ஓட்டிய ஆர்34, 2023-ல் 13 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது.

இப்போது நம்ம ஆளுக்கு வருவோம். ஆர்33 வந்தது 1995-ல். வந்த அன்றைக்கே திட்டு ஆரம்பம். "குண்டு", "நீளம்", "அண்ணன் மாதிரி இல்ல". உண்மைதான். ஆர்32-ன் நீளம் 4,545 மில்லிமீட்டர், எடை 1,430 கிலோ. ஆர்33-ன் நீளம் 4,675, எடை 1,530. நூறு கிலோ அதிகம். ஆனால் நண்பர்களே, ஆர்34-ன் எடை எவ்வளவு தெரியுமா? 1,540 கிலோ! அதை யாராவது குண்டு என்று சொல்லிக் கேட்டிருக்கீங்களா? செல்லப்பிள்ளை எவ்வளவு சாப்பிட்டாலும் யாரும் கேட்க மாட்டாங்க.

இன்னொரு விஷயம். அண்ணன் ஜெயித்த குரூப் ஏ பந்தயம் ஜப்பானில் 1993-ஓடு முடிந்துவிட்டது. தம்பி பிறந்தது 1995-ல். ஓடுவதற்கு மைதானமே இல்லை. அப்புறம், "29-க்கு 29 எடுத்தியா?" என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்?

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் மைதானம் மாறவில்லை. ஜெர்மனியில் நர்பர்க்ரிங் என்று ஒரு பந்தயப் பாதை இருக்கிறது. ஒரு சுற்று சுமார் 20.8 கிலோமீட்டர். காடும் மலையும் வளைவுமாக இருக்கும். அங்கே ஆர்33-ன் சோதனை வண்டி 7 நிமிடம் 59 நொடியில் சுற்றி வந்ததாக நிசான் அறிவித்தது. ஆர்32-ஐ விட 21 நொடி குறைவு! 'மைனஸ் 21 நொடி' என்பதையே விளம்பரத்தில் போட்டார்கள். எல்லோரும் கேலி செய்த அந்த நீளம்தான் உதவியது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி கூடினால் வேகத்தில் வண்டி ஆடாமல் நிற்கும். பேட்டரியையும் பின்னால் டிக்கிக்கு மாற்றி எடையைச் சமப்படுத்தினார்கள். 1995-ல் பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆர்33-ஐ மாற்றிச் செய்த கார் பத்தாவது இடம் வந்தது. முதல் பரிசு இல்லை, ஒத்துக்கறேன். ஆனால் 24 மணி நேரம் ஓடி முடிப்பதே பெரிய விஷயம்.

சேகரிப்பவர்கள் கவனத்துக்கு:

ஆர்32 சுமார் 44 ஆயிரம், ஆர்33 சுமார் 16,500, ஆர்34 சுமார் 11,500 தயாரானது. 25 வயது முடிந்த வெளிநாட்டுக் காரை அமெரிக்காவுக்குள் தாராளமாகக் கொண்டுவரலாம். அதன்படி ஆர்32-க்கு 2014-லும், ஆர்33-க்கு 2020-லும், ஆர்34-க்கு 2024-லும் அந்தக் கதவு திறந்தது. அதனால் விலை ஏறியது. நீண்ட நாள் மூன்றிலும் மலிவாகக் கிடைத்தது ஆர்33-தான்.

வாங்குகிறவர்கள் சேஸிஸ் எண்ணைப் பார்க்க வேண்டும். நிஜ ஜி.டி.ஆர். என்றால் பி.என்.ஆர்.32, பி.சி.என்.ஆர்.33, பி.என்.ஆர்.34 என்று தொடங்கும். சாதாரண ஸ்கைலைனுக்கு ஜி.டி.ஆர். வேஷம் போட்டு விற்பவர்கள் உண்டு. தொடக்க கால ஆர்32 இன்ஜினில் ஆயில் பம்ப்பைச் சுழற்றும் பகுதி சிறியது, அதிக வேகத்தில் உடையக்கூடும். அந்தக் குறையை ஆர்33-க்கு முன்பே சரிசெய்துவிட்டார்கள். அண்ணன் பட்ட அடியில் தம்பி பாடம் கற்றுக்கொண்டான். மூன்றிலும் துரு பார்க்காமல் வாங்கக் கூடாது.

என் தீர்ப்பு: பெருமைக்கு ஆர்32. பணத்துக்கு ஆர்34. ஓட்டுவதற்கு ஆர்33. மூன்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே ஆர்.பி.26 இன்ஜின்தான் என்பதை மறக்காதீங்க.

இதை ஏன் இவ்வளவு நீளமா எழுதறேன்னு கேட்பீங்க. இந்தச் சுவருக்கு நேர் எதிரே பத்தாம் வகுப்பில் முதலிடம் பெற்றவர்கள் பலகை இருக்கிறது. கீழேயிருந்து மூன்றாவது பெயர் எங்க அண்ணன். ஒவ்வொரு வருடமும் புது வகுப்பில் முதல் நாள் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "நீ அவன் தம்பியா?" அப்புறம் முதல் பரீட்சைத் தாள் வந்ததும் அந்தக் கேள்வி வேற மாதிரி வரும்: "நீ அவன் தம்பியாடா?"

போன மாதம் 21 நொடிக் கதையை அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடிச்சு வெச்சுட்டுக் கேட்டார். "இவ்வளவு வேகம்னா அப்புறம் ஏன் எல்லாரும் குறை சொன்னாங்க?" என்றார்.

"பார்த்துட்டுச் சொன்னாங்கப்பா. கடிகாரம் வெச்சுச் சொல்லல."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உனக்கு எதுலடா கடிகாரம் வெக்கணும்?" என்று கேட்டார். அப்படி அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உடனே பதில் தெரியல. இப்பவும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். என் நர்பர்க்ரிங் எங்கே இருக்குன்னு தெரியல. ஆனா அது எதிர்ச்சுவரில் இல்லைன்னு மட்டும் தெரியும்.

அண்ணன் இப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறான். போகும்போது ஆர்32-ஐ என்னிடம் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்கோடா" என்றான். பக்கத்து வகுப்பு நண்பன் ஒருவன் என் ஆர்33-க்குப் பதிலாகப் புத்தம்புது ஆர்34 தருவதாகச் சொல்கிறான். மன்னிச்சுக்கோ நண்பா, அது மாற்றுவதற்கில்லை.

இப்படிக்கு,
ஆர்33
9-ம் வகுப்பு 'ஆ' பிரிவு