கத்தி செய்த கை

கத்தி வாங்கச் செல்கிறவர்கள் பெரும்பாலும் கத்தியையே பார்க்கிறார்கள். அலகின் பளபளப்பைப் பார்க்கிறார்கள். பிடியின் நிறத்தைப் பார்க்கிறார்கள். பிறகு விலை பேசுகிறார்கள். அதைச் செய்தவர் யார் என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதுவே அதிகம். நானும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தேன். எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒரு விபத்துத்தான், கத்தியைத் தேடுவதற்கு முன் கத்தி செய்பவரைத் தேட வேண்டும் என்ற பாடத்தை எனக்குக் கற்பித்தது.

எங்கள் ஊர் நுரைச்சோலை. பெயரைச் சொன்னதும் இலங்கையில் எவருக்கும் அனல் மின்நிலையமே நினைவுக்கு வரும். 2011ஆம் ஆண்டில் அதன் முதற் பகுதி இயங்கத் தொடங்கியது. 2014ஆம் ஆண்டில் 900 மெகாவாட் வலுவுடன் முழுமை பெற்றது. கப்பல் கப்பலாக நிலக்கரி வந்து இறங்கும் அந்தப் பெரிய நெருப்பைப் பற்றி எழுதியவர்கள் பலர். சிரட்டைக் கரியில் எரியும் ஒரு சிறிய நெருப்பைப் பற்றியே நான் எழுத வந்தேன்.

கற்பிட்டித் தீபகற்பத்தில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் புத்தளம் களப்பு. நடுவே கிடக்கும் மணல் நிலத்தில் தென்னையும் தோட்டப் பயிரும், கரையில் மீன்பிடி. இம்மூன்று தொழிலுக்கும் கத்தி வேண்டும். ஆனால் மூன்றுக்கும் ஒரே கத்தி உதவாது. தென்னந்தோப்புக்குக் கனத்த மன்னாக் கத்தி வேண்டும். அறுக்குளாவையும் சூரையையும் துண்டாக்க நீண்ட அலகு வேண்டும். வெங்காயத் தாளை அரிவதற்குக் கைக்குள் அடங்கும் சிறு கத்தி போதும். போதாக்குறைக்கு உப்புக் காற்று வேறு. இரவில் துடைக்காமல் வைத்த கத்தி காலையில் துருவோடு கண் விழிக்கும்.

எங்கள் உம்மாவிடம் ஒரு கத்தி இருந்தது. 1987ஆம் ஆண்டில் அதைச் செய்யக் கொடுக்கச் சென்றபோது, சிறுமியாகிய நானும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லுப் பட்டறைக்குப் போனேன். கொல்லர் முதலில் விலை சொல்லவில்லை, கேள்விகளே கேட்டார்.

"தங்கச்சி, இது மீனுக்கா, தேங்காய்க்கா? வலக்கையால் வெட்டுவீர்களா, இடக்கையாலா? நின்று வெட்டுவீர்களா, இருந்து வெட்டுவீர்களா?"

பின்னர் ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து உம்மாவிடம் நீட்டி, உள்ளங்கையின் அகலத்தை அளந்து தரச் சொன்னார். ஒடித்த ஈர்க்கைக் கூரை ஓலையில் செருகி வைத்துக்கொண்டார். ஒரு கத்திக்கு இத்தனை விசாரணையா என்று அன்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பழைய லொறியின் வில்லுத் தகட்டிலிருந்து அந்தக் கத்தி பிறந்தது. அத்தகட்டின் உருக்கில் ஏறத்தாழ 0.6 சதவீதம் கரி கலந்திருக்கும். அந்தச் சிறு அளவுதான் கத்திக்கு உயிர். வீடு கட்டும் மெல்லிரும்புக் கம்பியில் அது மிகவும் குறைவு. எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் அதில் நல்ல கூர் நிலைக்காது. உம்மாவின் கத்தியோ 35 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. தீட்டித் தீட்டி, மூங்கில் இலைபோல் மெலிந்து, ஒருநாள் பிடியருகே முறிந்தது.

முறிந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு அதே கொல்லரிடம் போனேன். தொண்ணூறை நெருங்கும் வயது அவருக்கு. துண்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "மகள், என்னால் இனி ஆகாது. கையில் வலு இல்லை என்று சொல்லவில்லை. சம்மட்டி அடிக்க ஆள் பிடிக்கலாம். கண் நிறம் காணவில்லை" என்றார்.

அவர் சொன்னதன் பொருளைப் பிறகுதான் முழுமையாக அறிந்தேன். உருக்கைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் அது கடினமாகிறது. கண்ணாடியைப் போல் உடையும் குணத்தையும் அடைகிறது. ஆகவே அலகைத் துலக்கி மீண்டும் மெல்லச் சூடு காட்டுவார்கள். அப்போது அதன்மேல் நிறங்கள் ஓடும். ஏறத்தாழ 220, 230 பாகை செல்சியசில் வைக்கோல் நிறம்; பிறகு பழுப்பு; பிறகு ஊதா; 300 பாகையை அணுகும்போது நீலம். எந்த வேலைக்கு எந்த நிறத்தில் நிறுத்துவது என்பதே கத்தி செய்பவரின் கல்வி. பட்டறைகள் இருண்டு கிடப்பதும் வறுமையால் மட்டும் அன்று. வெயிலில் நெருப்பின் நிறம் தெரியாது.

"அப்படியானால் யாரிடம் போவது, ஐயா?" என்று கேட்டேன்.

அவர் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. "இந்த முறிந்த கத்தியைக் கொண்டுபோங்கள். வாங்கிப் பார்ப்பவரிடம் வேலை கொடுங்கள். வாங்கி மூலையில் எறிபவரிடம் கொடுக்காதீர்கள்" என்றார்.

அந்த அறிவுரையை நான் உடனே பின்பற்றவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது, வேலைகள் குவிந்திருந்தன. பஸ் நிலையத்தருகே தரையில் பரப்பி விற்ற ஒருவரிடம் பளபளக்கும் மன்னாக் கத்தி ஒன்றை மலிவாக வாங்கிவிட்டேன். நான்காம் நாள் என் தங்கை தேங்காய் உடைக்க ஓங்கியபோது அலகு பிடியை விட்டுக் கழன்று அவள் இடக்கைப் பெருவிரலைப் பிளந்தது. ஐந்து தையல்கள். பிடியைப் பிளந்து பார்த்தோம். அதற்குள் நுழைந்திருந்த இரும்பு முனை அரை விரல் நீளந்தான். குறுக்கே ஓர் ஆணிகூட இல்லை. வெளியே வார்னிஷ் மட்டும் மின்னியது. விற்றவரைத் தேடிப் போனோம். அந்த இடத்தில் வேறொருவர் செருப்பு விற்றுக்கொண்டிருந்தார்.

தங்கை என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கட்டுப்போட்ட கையோடு அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டியதைப் பார்த்தபோது, கடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றியது.

அதன் பிறகே முறிந்த கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். முதலாமவர் அதை ஏறிட்டும் பாராமல், தாம் செய்து வைத்திருந்த கத்திகளின் பளபளப்பைக் காட்டினார். இரண்டாமவர், "பழைய இரும்பா? நிறைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றார். புத்தளம் செல்லும் வழியில் பட்டறை வைத்திருந்த மூன்றாமவர் இளைஞர். துருத்திக்குப் பதிலாக மின்சார ஊதியை வைத்திருந்ததைக் கண்டு எனக்கே சிறிது அவநம்பிக்கை பிறந்தது. அவரோ கத்தியை வாங்கியவுடன் வாசலுக்கு வந்து, முறிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், உள்மணி மிகவும் நுண்மையாக இருக்கிறது. அதிகமாகக் காய்ச்சியிருந்தால் சீனிபோல் பருமணியாகத் தெரியும். செய்தவர் பெரிய கைகாரர். இதோ பாருங்கள், இந்த ஓரத்தில் மட்டும் கறுத்திருக்கிறது. வெடிப்பு முன்பே விழுந்து உப்புக் காற்று உள்ளே போயிருக்கிறது" என்றார். அடுத்து அவர் கேட்டது: "இது யார் கைக்கு?"

37 ஆண்டுகளுக்கு முன் கேட்ட கேள்வி மீண்டும் என் காதில் விழுந்தது. வேலையை அவரிடமே கொடுத்தேன்.

ஆனால் அவர் செய்த முதற் கத்தி தவறிப்போயிற்று. இரண்டு வாரத்தில் சிரட்டையில் பட்டு, வாயில் நெல்மணி அளவு சில்லு உதிர்ந்தது. கோபத்தோடு எடுத்துப் போனேன். அவர் சிரட்டையையும் குறை சொல்லவில்லை. என் கையையும் குறை சொல்லவில்லை. "வைக்கோல் நிறத்திலேயே நிறுத்திவிட்டேன். தேங்காய்க் கத்திக்கு ஊதா வரை விட்டிருக்க வேண்டும். பிழை என்னுடையது" என்றார். மீண்டும் சூடு காட்டி, புதிதாக வாய் தீட்டிக் கொடுத்தார். பணத்தை நீட்டினேன்; வாங்க மறுத்துவிட்டார். அன்றுதான் என் தெரிவு உறுதியாயிற்று. பிழையே செய்யாத கைவினைஞரை நான் கண்டதில்லை. பிழையோடு திரும்பி வருபவரைக் கண்டு முகம் சுளிக்காதவரைக் கண்டுவிட்டேன்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கத்தி செய்வோர் சங்கம் 1624ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் நிறுவப்பட்டது. ஒவ்வொருவரும் தம் கத்தியில் பொறிக்கும் முத்திரை அங்கே பதியப்பட்டது. கத்தி கெட்டால் யாரிடம் கேட்பது என்பதை அந்த முத்திரை சொல்லும். நம் நாட்டு இரும்புத் தொழிலோ அதனினும் தொன்மையானது. பலாங்கொடைப் பக்கத்துச் சமனலவெவவில் பருவக் காற்றையே துருத்தியாகக் கொண்டு எரிந்த உலைகள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை, அகழ்ந்தெடுக்கப்பட்டன. கில் ஜுலெஃப் என்னும் ஆய்வாளர் அதனை 1996இல் உலகுக்கு எடுத்துரைத்தார். அந்த உலைகளை மூட்டியவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. எங்கள் ஊர்க் கொல்லரும் கத்தியில் பெயர் பொறிப்பதில்லை. நாளைக்கும் அதே பட்டறையில் இருப்பார் என்பதே அவருடைய முத்திரை.

ஆலைக் கத்திகளை நான் பழிக்கவில்லை. 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் தேய்வதைத் தடுக்க முயன்றபோது கண்ட குரோமியம் கலந்த உருக்கு, இன்று துருப்பிடிக்காத கத்தியாக எங்கள் அடுக்களையிலும் இருக்கிறது. தக்காளிக்கும் பழத்துக்கும் அது போதும். உப்புக் காற்றுக்கும் அஞ்சாது. கனத்த வேலைக்கு, கைக்கு அளவெடுத்துச் செய்த கத்தியே வேண்டும் என்பது என் அனுபவம்.

நாளைக்கும் அவர் அங்கே இருப்பாரா என்பதே இப்போது என் கவலை. பெருநாளுக்கு முந்திய வாரத்தில் அவர் பட்டறையில் நிற்க இடமிராது. உழ்ஹிய்யா கொடுக்கும்போது பிராணி வதைபடாதிருக்கக் கத்தியை நன்கு கூராக்க வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. ஆகவே அந்த ஒரு வாரம் ஊரே அவரைத் தேடும். பெருநாள் கழிந்ததும் உலை ஆறிக் கிடக்கும். "காக்கா கட்டாருக்கு வரச் சொல்கிறார், டீச்சர். நிறங்களைப் படிக்கப் பத்து வருஷம் போயிற்று. அங்கே அதற்கு வேலை இல்லை" என்று ஒருநாள் சொன்னார். என்னால் மறுமொழி கூற முடியவில்லை. வீட்டிலிருந்த மழுங்கிய கத்திகளை எல்லாம் மறுநாளே எடுத்துச் சென்றேன். அயல் வீட்டாரிடமும் சொன்னேன். ஒருவரைத் தெரிவு செய்வது ஒருநாள் வேலை அன்று; அவர் உலை எரியும்படி நாமும் போய்வர வேண்டும்.

புதிய கத்தியை முதிய கொல்லரிடம் காட்டாமல் மனம் ஆறவில்லை. அவர் நகத்தால் அலகைச் சுண்டி ஒலியைக் கேட்டார். பெருவிரலை வாய்க்குக் குறுக்கே மெல்ல ஓட்டினார். பிடியை இறுக்கிப் பிடித்து அசைத்துப் பார்த்தார். நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய், பழைய துணியில் சுற்றிய பாக்குவெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"இதற்கு வாய் போய்விட்டது. அந்தத் தம்பியிடமே கொடுத்து விடுங்கள், மகள்" என்றார்.