கெப் குந்தினது ஏன் என்று கேட்காமல் விட்டோம்

கொஞ்சம் நீளமான பதிவு. கெப் வைத்திருக்கிறவர்களும் அதில் பெட்டி கொழுவி இழுக்கிறவர்களும் கடைசி வரை வாசியுங்கள்.

கோடையில் தண்ணீர் இல்லாத பக்கங்களுக்கு எங்கட இளைஞர்கள் பவுசரில் தண்ணீர் கொண்டுபோவது ஊருக்கே தெரியும். பாடசாலை விட்டதும் நாங்களும் கூடப் போவோம். முந்தி உழவு மெசின்தான் இழுக்கும். போய்வர அரை நாள் எடுக்கும். இந்த முறை ஒரு சகோதரர் தன்ட டபுள் கெப்பைத் தந்தார். எல்லாருக்கும் சந்தோசம்.

தொட்டி 2000 லீற்றர். அப்போ தண்ணீரே 2000 கிலோ. சட்டம், சில்லு எல்லாம் சேர்த்தால் 2500 கிலோ வரும். மெசினுக்கென்று செய்த பெட்டி, அதற்குப் பிரேக் இல்லை. இந்தக் கணக்கை அன்றைக்கு யாரும் போடவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற நாங்களும் போடவில்லை.

முதல் நாள் கொழுவியதும் கெப் பின்னால் குந்திவிட்டது. இரவில் லைட் தென்னை மரத்து வட்டில் அடித்தது. எதிரே வந்தவர்கள் ஏசிக்கொண்டு போனார்கள். ஓட்டின தம்பி மட்டும், "ஸ்டியரிங் பஞ்சு மாதிரி இரிக்கி சேர்" என்றான். முன் சில்லு ரோட்டை விட்டு இலேசாகிற அடையாளம் அது. நாங்கள் சிரித்தோம்.

அடுத்த நாள் கராஜில் கொடுத்து பின் வில்லுக்கு இரண்டு தகடு கூட்டினோம். கெப் நேராக நின்றது. படம் எடுத்து இங்கேயே போட்டோம், நீங்களும் லைக் போட்டீர்கள். அதற்குப் பிறகு பயம் விட்டுப் போய் 60இல், 70இல் ஓடினோம்.

இப்போ அந்தக் கணக்கைப் பாருங்கள். தரம் 10இல் நாங்களே படிப்பிக்கிற விசையின் திரும்பல்தான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 3 மீற்றர் என்று வையுங்கள். பெட்டி கொழுவுகிற குண்டு பின் அச்சுக்கு 1.2 மீற்றர் பின்னால். பெட்டியின் மூக்கு அந்தக் குண்டை 250 கிலோவால் அமத்தினால், பின் அச்சில் கூடுவது 350 கிலோ. மிச்ச 100 கிலோ எங்கிருந்து வந்தது? முன் சில்லில் இருந்து கழன்று வந்தது. திரும்புவதும் பிரேக் பிடிப்பதில் பெரும் பங்கும் முன் சில்லுதான். தகடு கூட்டினால் கெப்பின் பின்பக்கம் உயரும், அவ்வளவுதான். அந்த 100 கிலோ முன்னுக்குத் திரும்பிப் போகாது. அச்சும் டயரும் பிரேக்கும் பழைய அளவில்தான் இருக்கும்.

சரி, மூக்குப் பாரத்தைக் குறைத்தால்? அதுவும் ஆபத்து. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது மூக்கில் இருக்க வேணும். அது குறைந்தால் பெட்டி வாலாட்டத் தொடங்கும்.

எங்களுக்கு நடந்தது அதுதான். ஒரு இடத்தில் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறோம். தொட்டிக்குள் தடுப்புத் தகடு இல்லை. பாலத்தில் ஏறும்போது தண்ணீர் முழுக்கப் பின்னால் ஓடியது. மூக்கு இலேசானது. விறைத்துப்போன வில்லு பின்பக்கத்தைத் துள்ளவிட்டது. இறக்கத்தில் பெட்டி இடமும் வலமுமாக அடித்தது. தம்பி பயத்தில் பிரேக்கை மிதித்தான். அந்த நேரத்தில் பிரேக்கை மிதிக்கக் கூடாது. அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விட வேணும். அவனுக்கு அது தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

பெட்டி வயல் பக்கம் சரிந்து நின்றது. கெப்பின் பின்னால் பக்கப் பலகையில் இருந்த மாணவன் கிரவலில் விழுந்தான். வலது பக்கக் காறை எலும்பு முறிந்தது. உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கிறது. "ஏறு மகன், பைப் பிடிக்க ஆள் வேணும்" என்று அவனை ஏற்றினது நாங்கள்தான். ஆஸ்பத்திரியில் அவனுடைய உம்மா ஏசவில்லை. "சேர் கூடப் போறாரென்டுதான் அனுப்பின" என்று மட்டும் சொன்னா. ஏசியிருக்கலாம்.

பிறகு கெப்பைப் பார்த்த வேறொரு வயதான பாஸ் சொன்னார்: "வண்டி குந்தினது உங்களுக்குச் சொன்ன சொல்லு. தகடு அடிச்சி அதுட வாயப் பொத்திட்டீங்க." பிரேக் இல்லாத பெட்டி என்றால் பல கெப்களுக்குக் கம்பனிப் புத்தகத்தில் 750 கிலோதான் எல்லை. நாங்கள் இழுத்தது அதன் மூன்று மடங்குக்கும் மேல். புத்தகம் டேஷ்போட்டுக்குள்ளேயே கிடந்தது. பொலித்தீன் உறைகூடப் பிரிக்கவில்லை.

கெப்பைத் தந்த சகோதரர் கூட்டிய தகடுகளைக் கழற்றிவிட்டார். பவுசர் திரும்ப உழவு மெசினில்தான் போகிறது, அரை நாள் எடுத்தாலும் பரவாயில்லை. பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை. தொட்டிக்குள் தடுப்புத் தகடு மூன்று ஒட்ட வேணும், வெல்டிங் தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள். அந்தப் பிள்ளைக்குப் பின்னேரத்தில் வீட்டுக்குப் போய்ப் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். இரசாயனவியலுக்கு ஒரு ஆசிரியர் கிடைத்தால் உதவியாக இருக்கும்.