மொட்டு விரியறதுக்குள்ள

எழுமலையில் மதுரைக்குப் போகும் விடியக்கால பஸ். பக்கத்து சீட்டில் ஒரு அம்மா, மடியில் ஈரத்துணி சுற்றிய மல்லிகை மூட்டை.

"ஆரப்பாளையத்துல இறங்கி, இன்னொரு பஸ் பிடிச்சு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போகணும் தம்பி. அதுக்குள்ள மொட்டு விரிஞ்சிரும், வெலை விழுந்திரும்."

1999-ல் மதுரையில் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வந்தது. ஆனால் தேனிப் பக்கத்து பஸ்கள் ஆரப்பாளையத்தோடு நின்றன. நெரிசலைக் குறைக்க அது சரிதான். ஆனால் பூ மூட்டையோ, பெரியாஸ்பத்திரிச் சீட்டோ கையில் இருப்பவருக்கு நடுவில் ஒரு பஸ் மாறுவது அரை நாள் வேலை.

2021 மே முதல் சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் காலியாக வரும் மற்ற பஸ்ஸை விட்டுவிட்டு, உசிலம்பட்டிக்கு டவுன் பஸ்ஸுக்காகவே காத்து நிற்பவர்களை எங்கள் ஸ்டாப்பில் தினமும் பார்க்கிறேன். பஸ் தடங்களை வகுக்கிறவர்கள் எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணுவார்கள். ஏறாமல் நின்றவர்களை யார் எண்ணுவது?

 

ஆரப்பாளையத்தில் அந்த அம்மா மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஓடினார். துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது.