குரங்கும் குமாஸ்தாவும்

லண்டன் மடல்



‘டென்ஷன்’ என்ற சொல்லை ஆங்கிலேயரைவிட நாம்தான் அதிகம் புழங்குகிறோம். டென்ஷன் ஆகிறோம், பிறரை டென்ஷன் ஆக்குகிறோம், ஆகாதீர்கள் என்று புத்திமதியும் சொல்கிறோம். இங்கே லண்டனில் அதே சரக்குக்கு ‘ஸ்ட்ரெஸ்’ என்று பெயர். பெயர் எதுவானாலும் அது குடியிருப்பது ஆளின் தலைக்குள்தான் என்பதில் இரண்டு ஊருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதனால்தான் ஆபீஸில் மன அழுத்தம் என்ற பேச்சு வந்ததும் நிர்வாகம் யோகா மாஸ்டரைத் தேடுகிறது. ஆளை அளப்பதை விட்டுவிட்டு வேலையை அளக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கான சாட்சியத்தில் பெரும்பகுதி இந்த ஊரில், ஒரே தெருவில் கிடைக்கிறது.

மாரடைப்பும் வயிற்றுப்புண்ணும் பெரிய பதவிக்காரர்களின் நோய் என்று ஐம்பதுகளில் பரவலான நம்பிக்கை இருந்தது. பொறுப்பு அதிகம், ஆகவே ஆபத்தும் அதிகம் என்ற கணக்கு. அதற்குக் குரங்குகளும் சாட்சி சொல்லின. அமெரிக்க ராணுவத்தின் வால்டர் ரீட் ஆய்வகத்தில் 1958-இல் ஜோசப் பிரேடி குரங்குகளை ஜோடி ஜோடியாக நாற்காலியில் கட்டிவைத்துச் சோதித்தார். மின்னதிர்ச்சி இரண்டுக்கும் ஒன்றாகவே வரும். அதை வராமல் தள்ளிப்போடும் நெம்புகோல் மட்டும் ஒன்றின் கையில். நெம்புகோல் பிடித்த ‘நிர்வாகி’க் குரங்குகளுக்கே புண் வந்தது, செத்தும் போயின. ஆனால் பிழை, சோதனை தொடங்குமுன்பே நடந்திருந்தது. நெம்புகோலை யாருக்குக் கொடுப்பது என்று சீட்டுக் குலுக்கவில்லை. முன்சோதனையில் எது விறுவிறுவென்று நெம்புகோலை அழுத்தியதோ அதற்கே நிர்வாகி வேலை. பரபரப்பான குரங்காகப் பார்த்துப் பதவி உயர்வு கொடுத்திருக்கிறார்கள் (இதை மனிதர்களும் செய்வதுண்டு). பிறகு ஜே வைஸ் எலிகளை வைத்துச் சோதித்தபோது முடிவு தலைகீழானது. அதிர்ச்சியைத் தடுக்க வழி இருந்த எலிக்குப் புண் குறைவு, சும்மா வாங்கிக் கட்டிக்கொண்ட எலிக்கு அதிகம்.

மனிதக் கணக்கு வைட்ஹாலில் எழுதப்பட்டது. டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து நாடாளுமன்றத்தை நோக்கிப் போகும் அந்தத் தெருவின் பெயரே அரசு நிர்வாகத்துக்கு ஆகுபெயர். 1967-இல் தொடங்கி ஏறத்தாழ 18,000 ஆண் அரசு ஊழியர்களின் ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் பதிந்து வைத்து, யார் எப்போது எதனால் இறக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மைக்கேல் மார்மட்டும் சகாக்களும் 1978-இல் வெளியிட்ட முடிவின்படி, உச்சிப் பதவிக்காரர்களைவிடக் கடைநிலையில் இருந்த பியூன்கள் இதயநோயால் இறந்த விகிதம் மூன்று மடங்குக்கும் மேல். சிகரெட்டையும் கொழுப்பையும் கணக்கிலிருந்து கழித்த பிறகும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. ஏழ்மைதானே காரணம் என்று இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இவர்கள் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் இலவச மருத்துவமும் உள்ள நிரந்தர ஊழியர்கள். சுரங்கத்தில் இறங்கவில்லை, ரசாயனம் கலக்கவில்லை. அதைவிட முக்கியம், உச்சிக்கு ஒரு படி கீழே கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்த அதிகாரிக்கும் உச்சியில் இருந்தவரைவிட ஆபத்து அதிகம். படிக்குப் படி ஏறும் இந்தச் சரிவை வறுமை என்ற ஒற்றைச் சொல்லால் விளக்க முடியாது.

விளக்கத்துக்கான சாவியை ஸ்வீடன், அமெரிக்கத் தொழிலாளர் தரவுகளிலிருந்து 1979-இல் ராபர்ட் கராசெக் கொடுத்தார். வேலையின் சுமை எவ்வளவு என்பது ஒன்று, அந்த வேலையின்மேல் நமக்கு இருக்கும் பிடி எவ்வளவு என்பது இன்னொன்று. சுமை மட்டும் ஆளைக் கொல்வதில்லை, பிடியில்லாத சுமைதான் ஆபத்து என்றார். 1985-இல் பெண்களையும் சேர்த்து 10,308 ஊழியர்களோடு தொடங்கிய இரண்டாவது வைட்ஹால் ஆய்வு இதைக் கேள்விகளாக்கியது. வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிப்பதில் உங்களுக்கு இடம் உண்டா? வேகத்தை நிர்ணயிப்பது யார்? எப்போது இடைவேளை எடுப்பது என்று நீங்களே முடிவு செய்யலாமா? கேள்விகளின் முகத்தைப் பாருங்கள். தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று இவற்றில் ஒன்றுகூட இல்லை. இந்த விசாரணை முழுவதும் நாற்காலியைப் பற்றியது, அதில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றியதன்று. பிடி குறைவு என்று பதில் சொன்னவர்களிடையே அடுத்த சில ஆண்டுகளில் இதயநோய் கூடுதலாகத் தெரிந்தது. அதே ஆய்வில், வேலை அழுத்தம் ஒரு முறை மட்டும் பதிவானவர்களைப் போலன்றி, மூன்று முறைக்குக் குறையாமல் பதிவானவர்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு, தொப்பை, ரத்த அழுத்தம் கூட்டாக வரும் வளர்சிதைமாற்றக் கோளாறு, அழுத்தமே இல்லாதவர்களைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது என்று 2006-இல் கண்டார்கள்.

இதற்கு எதிரான வாதங்களில் வலுவானது ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. 27 பணியிடங்களின் 5,606 ஆண்களிடம், அன்றாடம் எவ்வளவு பதற்றமாக உணர்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு 21 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அழுத்தம் அதிகம் என்று சொன்னவர்கள் நெஞ்சுவலியும் அதிகம் என்றார்கள். ஆனால் மருத்துவப் பரிசோதனையும் இறப்புப் பதிவேடும் அதை ஆமோதிக்கவில்லை. புலம்பும் சுபாவம் உள்ளவர் இரண்டு கேள்விக்கும் புலம்பலாகவே பதில் சொல்வார், அவ்வளவுதான் என்பது 2002-இல் அந்த ஆய்வாளர்கள் வைத்த குற்றச்சாட்டு. அங்கே அழுத்தம் என்று அதிகம் சொன்னவர்கள் வசதியான வேலையில் இருந்தவர்கள் என்பதும் சேர்த்துக் கவனிக்கத்தக்கது. இந்த ஆய்வு என் கட்சியை உடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை, எனக்காகவே வாதாடுகிறது. மனநிலையைக் கேட்டால் மனநிலைதான் கிடைக்கும். வைட்ஹாலில் ஊழியரின் பதிலோடு நிற்காமல், அந்தந்தப் பதவிக்கு எவ்வளவு பிடி உண்டு என்று பணியாளர் மேலாளர்களிடமும் தனியாக மதிப்பீடு வாங்கினார்கள். புலம்பல் கலக்காத அந்த மதிப்பீடும் இதயநோயை முன்கூட்டியே காட்டியது. அந்த முடிவு வெளிவந்தது 1997-இல்.

இந்த ஆபத்தின் அளவு சிறியது என்பார்கள் சிலர். 13 ஐரோப்பிய ஆய்வுகளின் 1,97,473 பேரைச் சேர்த்து 2012-இல் பார்த்ததில், சுமை கூடி பிடி குறைந்த வேலையில் இருப்பவருக்கு இதயநோய் ஆபத்து 23 சதவீதம் அதிகம். சமூகம் முழுவதற்குமான பங்கு 3.4 சதவீதம்தான். சிகரெட்டோடு ஒப்பிட்டால் சிறியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு நாள் கேட்ட பதிலை வைத்து ஆளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து வந்த கணக்கு அது. நடுவில் வேலை மாறியவர், மேலாளர் மாறியவர், ஓய்வு பெற்றவர் எல்லாரும் அதே கூடையில்தான். மழுங்கிய அளவுகோல் வித்தியாசத்தைக் குறைத்துக் காட்டவே வாய்ப்பு அதிகம்.

அளந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன. ஜப்பான் 2015 டிசம்பர் முதல், 50 பேருக்குக் குறையாத பணியிடங்களில் ஆண்டுதோறும் அழுத்தச் சோதனை நடத்தவேண்டும் என்று சட்டமாக்கியது. 57 கேள்விகள் கொண்ட படிவத்தைப் பரிந்துரைக்கிறார்கள். ஊழியர் சம்மதிக்காமல் அவர் முடிவு முதலாளிக்குப் போகக்கூடாது என்பது அருமையான காவல். ஆனால் தனி ஆளைச் சோதிப்பதைக் கட்டாயமாக்கியவர்கள், பிரிவுவாரியாகத் தொகுத்துப் பணியிடத்தைச் சீர்ப்படுத்துவதை ‘முயலவேண்டும்’ என்ற அளவிலேயே விட்டுவிட்டார்கள். பிரிட்டனின் வேலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2004-இல் கொண்டுவந்த 35 கேள்விப் படிவம் மறுகோடியில் நிற்கிறது. அதைத் தனி ஆளை எடைபோடப் பயன்படுத்தவே கூடாது, பிரிவுக்குப் பிரிவு சராசரி பார்க்கத்தான். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, கட்டாயமில்லை என்பதுதான் குறை. கட்டாயமில்லாத இடத்தில் நிறுவனங்கள் எளிய வழியைத்தான் எடுக்கின்றன: தியானச் செயலி, மனத்திடப் பயிற்சி, நலவாரம். ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங் 2024-இல் 233 நிறுவனங்களின் 46,336 ஊழியர்களைப் பற்றி எழுதியதில், இவற்றில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நன்றாக இருந்ததற்கு அடையாளம் இல்லை. ஒரு காலப்புள்ளியில் எடுத்த கணக்கு என்பதால் அதை நான் கடைசித் தீர்ப்பாகச் சொல்லமாட்டேன். ஆனால் நிரூபிக்கும் கடமை இனி செயலி விற்பவருடையது.

ஆளை விட்டு வேலையை அளப்பதற்கு நெருங்கிய ஒரு காரியம் நம் ஊரில் நடந்தது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தைத் தமிழ்நாடு 2021-இல் திருத்தியது. நாளெல்லாம் நின்றே துணி விரிக்கும் பெண்ணின் மனத்திடத்தை அந்தத் திருத்தம் சோதிக்கவில்லை, கடையில் ஸ்டூல் இருக்கிறதா என்று கேட்டது. கேள்வியில் பாதி அது. ஸ்டூல் இருக்க, எப்போது உட்காரலாம் என்பது யார் கையில் என்பது மிச்சப் பாதி. இடைவேளையை நானே தீர்மானிக்கலாம் என்ற வாக்கியம் பிரிட்டிஷ் படிவத்தில் இரண்டாவதாக வருகிறது. ‘ஒருபோதும் இல்லை’ தொடங்கி ‘எப்போதும்’ வரை ஐந்து கட்டம். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் புடவைப் பிரிவில், ஆடித் தள்ளுபடி வாரத்தில் அந்த ஒரு கேள்வியை மட்டுமாவது கேட்டுப் பார்க்கலாம். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்காத நேரமாகப் பார்த்துக் கேட்கவேண்டும்.