ரிக்கார்டோவின் துணி என்ன ரகம்?

சோமனூர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள், "ஓ, திருப்பூர்ப் பக்கமா? பனியன் கம்பெனியா?" என்பார்கள். பக்கம்தான். ஆனால் பனியன் இல்லை. திருப்பூரில் நூலைப் பின்னுகிறார்கள். நாங்கள் நெய்கிறோம். அவர்கள் சரக்கு தூத்துக்குடியில் கப்பலேறி டாலராகத் திரும்பி வரும். எங்கள் சரக்கு சாயம் காணாத காடாத் துணியாக லாரியேறி குஜராத், ராஜஸ்தான் பக்கம் போகும். அங்கே வெளுத்து, சாயமேற்றி, அச்சடித்து, யாரோ ஒருவருடைய பெட்ஷீட்டாகவோ சட்டையாகவோ மாறும். எங்கள் ஊர்க் கடையிலேயே திரும்ப வந்து தொங்கினாலும் எங்களுக்கு அடையாளம் தெரியாது.

எங்கள் வீட்டில் எட்டுத் தறி. வீட்டுச் சுவரை ஒட்டியே தறிக்குடோன். தறிச்சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு குணம் உண்டு. சத்தம் ஓடும்வரை நன்றாகத் தூங்குவோம், கரண்ட் போய் தறி நின்றால் முழித்துக்கொள்வோம். பேச்சு எப்போதும் ஒரு கட்டை மேலேதான் இருக்கும். சென்னைக்குப் படிக்கப் போன புதிதில் ஹாஸ்டலில், "ஏன் சண்டை போடற மாதிரியே பேசற?" என்று கேட்டார்கள்.

ஆனால் சென்னைக்குப் போனதே பிறகுதான். எம்.ஏ. பொருளாதாரத்தில் சேர்ந்தது 2020இல். முதல் வருடம் முழுக்க போனில்தான் வகுப்பு. பன்னாட்டுப் பொருளாதாரத் தாளுக்கு வந்த பேராசிரியர் கேள்வி கேட்கும்போதெல்லாம் நான் மைக்கைத் திறப்பேன். எனக்கு முன்னால் தறி பேசிவிடும். "என்னம்மா, ரயில்ல போயிட்டிருக்கியா?" என்றார் ஒருநாள். "இல்லைங் சார், தறிங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப மைக்கை அணைக்காதே, இந்தத் தாளோட பாதி வரலாறு இந்தச் சத்தம்தான்" என்றார்.

அவர் அன்று நடத்திக்கொண்டிருந்தது டேவிட் ரிக்கார்டோ. பொருளாதாரம் படித்த எல்லோருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடமாக இருக்கும். 1817இல் வந்த புத்தகத்தில் அவர் போட்டது. ஒரு அளவு துணி நெய்ய இங்கிலாந்துக்கு ஒரு வருடத்துக்கு 100 ஆள் உழைப்பு வேண்டும், போர்ச்சுகலுக்கு 90 போதும். ஒரு அளவு திராட்சை மதுவுக்கு இங்கிலாந்தில் 120 ஆள், போர்ச்சுகலில் 80. இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டி. இருந்தாலும் அது மதுவை மட்டும் செய்துகொண்டு துணியை இங்கிலாந்திடம் வாங்கினால் இரண்டு நாட்டுக்கும் லாபம் என்று காட்டினார். ஒப்பீட்டு நன்மை. கணக்காகப் பார்த்தால் அழகு. எனக்கு இன்றும் அந்த அழகின் மேல் மதிப்பு உண்டு.

ராத்திரிச் சோற்றின்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் எட்டாவதோடு நிறுத்தியவர், ஆனால் கணக்கு என்றால் காது நிமிரும். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏம்மிணி, அந்தத் துணி என்ன ரகம்?" என்றார்.

"ரகமெல்லாம் சொல்லலைங்ப்பா. சும்மா துணி."

"சும்மா துணின்னு ஒண்ணு உலகத்துல இருக்குதா? என்ன நூலு, இஞ்சுக்கு எத்தன ஊடை, என்ன அகலம், ஒண்ணுமே சொல்லாம எப்படிக் கணக்குப் போட்டான்?"

எங்கள் பக்கத்தில் இது வேடிக்கைக் கேள்வி இல்லை. கூலிப் பேச்சுவார்த்தையே 'சோமனூர் ரகம்', 'பல்லடம் ரகம்' என்று தனித்தனியாகத்தான் நடக்கும். ஊர்ப் பெயரில் துணி ரகம் இருக்கிற ஊர் எங்களுடையது. அவருடைய அடுத்த கேள்விதான் எனக்குத் தேர்வு முடிந்த பிறகும் தீரவில்லை: "போர்ச்சுகல்ல அந்தத் தொண்ணூறு நெசவாளி என்ன ஆனான்?"

புத்தகப்படி அவர்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு வரியில், ஒரு பைசா செலவில்லாமல். உண்மையில் ரிக்கார்டோ எழுதுவதற்கு நூறு வருடத்துக்கு மேல் முன்பே, 1703இல், இங்கிலாந்தும் போர்ச்சுகலும் மெதுவன் ஒப்பந்தம் போட்டிருந்தன. ஆங்கிலக் கம்பளித் துணி போர்ச்சுகலுக்குள் போகலாம், போர்ச்சுகல் மது பிரெஞ்சு மதுவைவிடக் குறைந்த வரியில் இங்கிலாந்துக்குள் வரலாம். கணக்கு வருவதற்கு முன்பே கையெழுத்து ஆகிவிட்டது.

அதே காலத்தில் அதே இங்கிலாந்து இந்தியத் துணியை என்ன செய்தது என்று தேடிப் படித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1700இல் ஒரு சட்டம். சாயமேற்றிய, அச்சடித்த இந்தியப் பருத்தித் துணி உள்ளே வரக் கூடாது. வெள்ளைத் துணி வரலாம். அதாவது, நெய்து அப்படியே அனுப்பு, சாயத்தையும் அச்சையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். லண்டனைச் சுற்றி அச்சுப் பட்டறைகள் அந்தத் துணியை வைத்து வளர்ந்தன. அதுவும் போதாமல் 1721இல் அச்சடித்த பருத்தித் துணி பெரும்பாலானதை உடுத்தவே தடை போட்டார்கள். பதப்படுத்தப் பதப்படுத்த வரியை ஏற்றிக்கொண்டே போவதற்கு இன்றைய பாடப்புத்தகத்தில் தனிப் பெயரும் வரைபடமும் உண்டு. எங்கள் குடோனில் மடித்து வைத்திருந்த காடா பீஸ்களைப் பார்த்துக்கொண்டே அந்த அத்தியாயத்தைப் படித்தேன். 300 வருடம் கழித்தும் நாங்கள் காடாவில்தான் நிற்கிறோம். எங்களுக்கு எந்தச் சட்டமும் தடை போடவில்லை. சாயப்பட்டறை வைக்கப் பணமில்லை, தண்ணீர் இல்லை. வைத்த ஊரின் கதையையும் பார்த்துவிட்டோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நொய்யல் எந்த நிறத்தில் ஓடியது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏற்றுமதிக் கணக்கில் அந்த ஆறு எந்த வரியிலும் வராது.

இரண்டாம் வருடம் ஸ்டோல்பர், சாமுவேல்சன் வந்தார்கள். 1941ஆம் வருடக் கட்டுரை. உழைப்பாளி நிறைய இருக்கிற நாடு வாசலைத் திறந்தால் உழைப்பவன் கூலி ஏறும், முதல் போட்டவன் வருமானம் இறங்கும். இதைப் படித்ததும் நான் செய்த முதல் வேலை, என் அப்பாவை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று பார்த்ததுதான்.

எட்டுத் தறி அவருடையது. கட்டடம், மோட்டார், வங்கிக் கடன் எல்லாம் அவர் பெயரில். உத்யம் பதிவில் அவர் குறுந்தொழில் நிறுவன உரிமையாளர். ஆக, முதலாளி. ஆனால் பாவும் ஊடை நூலும் அவருடையது இல்லை. ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். அப்பா நெய்து, காடாவை அவரிடமே கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று வாங்குவார். அந்தப் பணத்துக்குப் பெயர் லாபம் இல்லை, விலையும் இல்லை. கூலி. அந்தக் கூலியிலிருந்துதான் தறி ஓட்டுகிறவருக்குக் கூலி, தார் சுற்றுகிற அக்காவுக்குக் கூலி, கரண்ட் பில், உதிரிப்பாகம், கடன் தவணை. ஆள் வராத நாளில் அம்மாவும் அப்பாவுமே தறிக்கு நடுவில் நிற்பார்கள். கூலிக்கு ஓடும் முதலாளி. சோமனூர், பல்லடம், அவிநாசி சுற்றுவட்டாரத்தில் இப்படிக் கூலிக்கு ஓடும் தறிகள் லட்சத்துக்கும் மேல். தேற்றத்தில் இவர்களுக்குப் பெட்டி இல்லை.

பேராசிரியரிடம் கேட்டேன். "உன் கேள்விக்கு விடை இந்தத் தாள்ல இல்ல. வாங்குறவன் ஒருத்தன், விக்கிறவன் ஆயிரம் பேருன்னு இருக்கற சந்தையைப் படி" என்றார். அதையே ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டேன். நான் தலைப்பு எழுதிக்கொடுத்த வாரத்தில் ஊரில் தறி நின்றது.

சுருக்கமாகச் சொல்கிறேன். பல வருடமாகக் கூலி உயராமல் கிடந்தது. 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் பேச்சு நடந்து, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் உயர்வு என்று முடிவானது. ஊரில் பட்டாசு வெடிக்காத குறை. உயர்வு கைக்கு வரவில்லை. 2022 ஜனவரி 9 முதல் கூலிக்கு நெசவு செய்பவர்கள் தறியை நிறுத்தினார்கள். வாரக்கணக்கில் நின்றது. கடைசியில் 19, 15 என்று குறைத்துக்கொண்டு பாவு ஏற்றினார்கள். அதுவும் எல்லோருக்கும் ஒழுங்காக வரவில்லை.

ஜவுளி உற்பத்தியாளர்களை வில்லனாக்கி எழுதுவது சுலபம். அந்த வருடம் அவர்கள் நிலையும் அப்படித்தான் இருந்தது. 2021 பட்ஜெட்டில் இறக்குமதிப் பஞ்சுக்கு வரி வந்து 11 சதவீதத்தில் நின்றது. உலகச் சந்தையில் விலை ஏற, உள்ளூரிலும் ஏறி, 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு காண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. ஏப்ரலிலேயே வரியை எடுத்தும் நிற்கவில்லை. நூல் விலை எங்கள் கூலியில் வராது, நூல் எங்களுடையது இல்லையே. ஆனால் நூல் எட்டாத விலைக்குப் போனால் பாவு வராது. "வர்ற வாரம் பாக்கலாம்" என்பார்கள். நியூயார்க்கில் ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று ஓடும் எண், எங்கள் ஊரில் "வர்ற வாரம் பாக்கலாம்" என்று மொழிபெயர்ந்து வரும். வரியை எடுத்தால் எங்களுக்கு நிம்மதி, பஞ்சு விளைவிக்கும் விவசாயிக்கு அடி. இந்தத் தராசில் நேராக நிற்கும் தட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

தறி நின்ற அந்த வாரங்களில்தான் எனக்கு உலக வர்த்தக அமைப்பின் தகராறுத் தீர்வு பற்றிய பாடம். 2002இல் பிரேசில் அமெரிக்காவின் மேல் வழக்குப் போட்டது. உன் பருத்தி விவசாயிக்கு நீ கொட்டும் மானியத்தால் உலக விலை விழுகிறது என்று. பிரேசில் வென்றது. அமெரிக்கா மேல்முறையீடு செய்தது, பிரேசில் மறுபடி வென்றது. மானியம் மட்டும் நிற்கவில்லை. 2009இல் பதிலடி கொடுக்க பிரேசிலுக்கு அனுமதி கிடைத்தது. பொருட்களுக்கு வரி போடுவதோடு, அமெரிக்க அறிவுச்சொத்து உரிமைகளிலும் கை வைக்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்கா பேச வந்தது. வருடத்துக்கு 147.3 மில்லியன் டாலர் பிரேசிலின் பருத்தி விவசாயிகளுக்காகக் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2014இல் மேலும் 300 மில்லியன் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். சொந்த விவசாயிக்கு மானியத்தையும் நிறுத்தாமல், வழக்குப் போட்டவன் விவசாயிக்கும் பணம் கொடுத்த விசித்திரம் அது.

இதே புகாரை 2003இல் பெனின், புர்கினா ஃபாஸோ, சாட், மாலி என்ற நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் வைத்தன. பருத்திதான் அவர்களுக்கு எல்லாமே. நியாயம் அதேதான், இன்னும் கூடுதலாகவே இருந்தது. பதிலடி கொடுக்க அவர்களிடம் எதுவும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்தது கூட்டங்கள்.

வகுப்பில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது மேசைக்கடியில் ஊர் வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வந்துகொண்டிருந்தது: "பேச்சுவார்த்தை தோல்வி", "மீண்டும் கூட்டம்". எங்கள் ஊரும் சாட் மாதிரிதான் என்று தோன்றியது. எங்களிடம் இருக்கும் ஒரே பதிலடி தறியை நிறுத்துவது. நிறுத்தினால் முதல் அடி எங்களுக்கே. ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று கூலி நெசவாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதன் பொருள் எனக்கு அப்போதுதான் முழுதாகப் பிடிபட்டது. சதவீதத்தைவிட அது பெரிய கோரிக்கை.

ஒரு வகுப்புத் தோழி கேட்டாள்: "உங்களுக்கும்தான் ரெண்டு மாசத்துக்கு 750 யூனிட் இலவச மின்சாரம். அது மானியமில்லையா?" மானியம்தான். (இப்போது அது 1,000 யூனிட்.) மானியம் வாங்குவதால் எங்கள் துணி உலக விலையை அசைக்குமா என்று திருப்பிக் கேட்டேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த விவாதம் மெஸ் மூடும்வரை ஓடியது. பல்கலைக்கழகத்தில் எனக்குப் பிடித்த ராத்திரிகளில் அது ஒன்று.

வீட்டில் வேறு ராத்திரிகள். மார்ச்சில் ஊருக்குப் போனபோது குடோனில் நான்கு தறிதான் இருந்தது. மீதி நான்கும் நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்க் கறை மட்டும். பழைய இரும்புக் கடைக்குக் கிலோக் கணக்கில் போட்டிருந்தார்கள். அப்பா எதுவும் சொல்லவில்லை. அம்மாதான், "உன்ற கடைசி பீஸு கட்டினது வேற எதுலன்னு நெனச்ச?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னாள். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் தறிகளைச் சேர்க்கலாமா என்று யோசித்து, நாடகத்தனமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அட்டவணை ஒன்றில், கைவிடப்பட்ட தறிகள் என்ற பத்தியில், எங்கள் நான்கும் இருக்கின்றன.

2025 மார்ச் 19 அன்று மறுபடி தறி நின்றது. ஒரு மாதம். உண்ணாவிரதம்கூட இருந்தார்கள். ஏப்ரலில் சோமனூர் ரகத்துக்கு 15, மற்றவற்றுக்கு 10 என்று முடிந்தது. ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி என்றதும் திருப்பூரில் இருக்கிற என் சித்தப்பா மகன் வேலை செய்யும் யூனிட்டில் ஓவர்டைம் நின்றது. அவன் எனக்குப் போன் செய்து, "அக்கா, நீ படிச்சவதானே, இது எப்ப சரியாகும்?" என்றான். நான் இப்போது கோவையில் ஒரு கல்லூரியில் இதே தாளைத்தான் நடத்துகிறேன். அவனிடம் தேதி சொல்ல முடியவில்லை. வரி என்பது யார் தலையில் விழும், வாங்குகிறவன் எவ்வளவு தாங்குவான், விற்கிறவன் எவ்வளவு தள்ளுபடி கொடுப்பான் என்று சொன்னேன். "அதெல்லாம் ஓனருக்கு. எனக்கு?" என்றான். ஓவர்டைம் இல்லாமல் இரண்டு மூன்று மாதம் ஓட்டுகிற மாதிரி செலவை வைத்துக்கொள் என்றேன். அது பாடத்தில் இல்லை.

அப்பா மட்டும் நம்பிக்கையோடு தேதி கேட்பவர். போன வாரம் வங்கதேசம் பற்றிப் பேச்சு வந்தது. அங்கிருந்து ஆயத்த ஆடை 2011 முதல் பெரும்பாலும் வரியில்லாமல் இந்தியாவுக்குள் வருகிறது. மிகவும் பின்தங்கிய நாடு என்ற பட்டியலில் இருப்பதால் கிடைத்த சலுகை. அந்தப் பட்டியலிலிருந்து அது வெளியேற ஐ.நா. குறித்திருக்கும் நாள் 2026 நவம்பர் 24 என்றேன். ஐரோப்பா அதற்குப் பிறகும் மூன்று வருடம் சலுகையைத் தொடரும், நம் நாடு என்ன செய்யும் என்பது வேறு கதை, அங்கேயும் தறிக்காரர் வீடுகள் இருக்கும் என்றெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா காதில் தேதி மட்டும்தான் விழுந்திருக்கிறது. போனில் நாட்காட்டியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"செவ்வாக்கெழமை" என்றார். "நல்ல நாளாப் பாத்துக் குறிக்கக் கூடாதா அவுங்க?"