கதவில் ஒட்டிய தாள்

எங்க தாத்தா ஊருக்கு வெட்டியான். எவன் வீடாவது ஜப்திக்கு வந்தால் பறையடித்துச் சொல்ல வேண்டியது அவர் பாடு. இன்ன தேதி, இன்னார் வீடு ஏலம் என்று ஊர்த்தெருவில் கத்திவிட்டு, சேரிக்குத் திரும்பிப் பேசாமல் உட்கார்ந்துகொள்வாராம். அன்றைக்கு ஏலம் போட எங்களிடம் வீடு ஏது? ஓலைக் கூரையை எவன் எடுப்பான்?

இப்போது அக்காவுக்கு வீடு இருக்கிறது. அதன் கதவில் தாளும் ஒட்டியாயிற்று.

மாமா கொத்தனார். ஊரான் வீடெல்லாம் கட்டிக் கொடுத்தவர், ஒரு தனியார் கம்பெனியில் ஆறு லட்சம் கடன் வாங்கித் தனக்கும் ஒன்று கட்டினார். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனது. தவணை நின்றது. 90 நாள் தாண்டினால் 'வாராக் கடன்' என்று எழுதிவிடுவார்கள். எழுதிவிட்டார்கள்.

முதல் நோட்டீசை அக்கா அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டது. "ஊர்க்காரனுக்குத் தெரிஞ்சா கேவலம்டா. சேரிக்காரனுக்கு மாடி வீடு கேக்குதான்னு சிரிப்பானுங்க." நான் பார்த்தபோது 41 நாள் ஓடியிருந்தது. "நீ எம்.ஏ. படிச்சவன்தானே, படி" என்றது. படித்தது தமிழ். அந்த இங்கிலீசுத் தாளில் தேதியைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

வக்கீல் தோழர் ஒருவர்தான் பிரித்துச் சொன்னார். 2002இல் வந்த சர்ஃபாசி சட்டம். கடன் கொடுத்தவன் கோர்ட்டுக்குப் போகாமலே வீட்டை ஏலம் விடலாம். கோர்ட்டுக்கு ஓட வேண்டியது நாம்தான். ஒரு லட்சத்துக்கு மேற்படாத கடன், விவசாய நிலம், இவற்றை அது தொடாது. பாக்கி, அசலும் வட்டியும் சேர்ந்ததில் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தாலும் தொடாது. எங்களுக்கு எதுவும் பொருந்தவில்லை.

"ஏலத்தத் தள்ளிப்போட முடியுமா?" என்றேன்.

"முடியும். நாளத்தான் அரிசி டின்னுக்கடியில போட்டுட்டீங்களே."

நோட்டீசு கொடுத்து 60 நாள் தவணை. அதற்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால், 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்து, தவணையைக் குறைத்து நீட்டிக்கச் சொல்லி எழுதினேன். முடியாது என்று நாலு வரி வந்தது. பிறகுதான் வீட்டைச் சுவாதீனம் எடுத்ததாகக் கதவில் தாள். அதிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயம் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கே சென்னை, கோவை, மதுரை என்று மூன்று ஊர்தான். கூலி வேலைக்காரன் ஒருநாள் கூலியையும் பஸ் காசையும் சேர்த்து இழக்க வேண்டும். போனோம். மனுவைப் போட்டும் தடை கிடைக்கவில்லை.

அப்புறம் ஏல அறிவிப்பு வந்தது. வக்கீல் காலண்டரை எடுத்து விரல்விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார். முதல் ஏலத்துக்கு 30 நாளாவது அவகாசம் வேண்டும். இரண்டு பேப்பரில் போட வேண்டும், அதில் ஒன்று நம்ம பாஷையில். எங்களுக்குக் கொடுத்தது 22 நாள். அந்த எட்டு நாளில்தான் ஏலம் நின்றது. பாக்கியில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லித் தடை கொடுத்தார்கள். அக்காவின் தோடு போனது.

இது ஏமாற்று வேலையில்லையா என்று நம்ம தோழர் ஒருத்தரே கேட்டார். கோடிக்கணக்கில் வாங்கியவன் வருசக்கணக்கில் கேசு நடத்தினால் அது சட்டம். சேரிக்காரன் எட்டு நாள் கேட்டால் ஏமாற்று!

இன்னொன்று. ஏலத்தன்றைக்குப் புரட்டிக் கட்டிவிடலாம் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். 2016 திருத்தத்துக்கு அப்புறம், ஏல அறிவிப்பு வெளியாவதற்கு முன்னாலேயே முழுப் பாக்கியையும் கட்டினால்தான் மீட்கிற உரிமை. அதற்குப் பிறகு அவன் மனசு வைத்து ஒரே தவணைத் தீர்வுக்கு ஒத்துக்கொண்டால் உண்டு. அந்தப் பேச்சை முதல் நோட்டீசிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். எழுத்தில் கேட்டு, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கி.

தாத்தா கத்தியதைக் கேட்டு எத்தனை பேர் தங்கள் நோட்டீசை ஒளித்து வைத்தார்களோ.

அடுத்த வாய்தா வருகிற மாசம். அதற்குள் இன்னொரு தொகை கட்ட வேண்டும். மாமா உட்கார்ந்தபடியே பூச்சு வேலைக்குப் போக ஆரம்பித்திருக்கிறார். நாலடிக்கு மேல் கை எட்டாது. மேலே பூசுவதற்கு அக்கா கூடப் போகிறது.