கடன் ஏட்டில் பழைய குறிகள்



பிழைப்பைத் தேடி நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து திருவனந்தபுரம் வந்து, கரமனையில் வாடகை வீடுகளில் குடியிருக்கும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சொந்த வீடு என்பது எங்களில் அநேகருடைய நெடுநாள் ஏக்கம். எங்கள் தெருவிலுள்ள சகோதரர் ஒருவர் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தபோது, நிலையான சம்பளம் இருந்தும், "சிபில் சரியில்லை" என்ற ஒரே பதிலோடு திரும்பி வந்தார்.

"அண்ணாச்சி, பணம் கொடுத்தால் எல்லாவற்றையும் அழித்துத் தருவதாக ஒருவர் சொல்லுகிறார்" என்று அவர் என்னிடம் வந்தார். முதலில் ஏட்டைப் பார்ப்போம் என்றேன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. நம்முடைய அறிக்கையை நாமே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

அதில் இரண்டு குறிகள் இருந்தன. ஒன்று பொய்: முழுவதும் அடைத்த கடன் நிலுவையில் இருப்பதாகக் காட்டியது. மற்றொன்று மெய்: வேலையிழந்த நாட்களில் கிரெடிட் கார்டு பாக்கியில் ஒரு பகுதியை மாத்திரம் கட்டி, மீதியைத் தள்ளுபடி பெற்றிருந்தார். அவர் தீர்ந்தது என்று எண்ணியது, ஏட்டில் 'செட்டில்டு' என்று நின்றது. முழுவதும் அடைத்த கடனுக்கே 'குளோஸ்டு' என்று எழுதுவார்கள்.

பொய்யான குறியைத் திருத்தக் காசு வேண்டாம். ரசீதோடு அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் புகார் எழுதினோம். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கும் பலனில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். அவருடைய குறி திருத்தப்பட்டது.

மெய்யான குறியை எந்தத் தரகராலும் அழிக்க இயலாது. சகோதரர் வீட்டுக்கென்று சேர்த்த முன்பணத்திலிருந்தே தள்ளுபடியான மீதியைக் கட்டி, பாக்கியில்லை என்ற சான்றிதழைப் பெற்றார். 'செட்டில்டு' என்பது 'குளோஸ்டு' ஆயிற்று. தாமதித்த மாதங்களின் பதிவோ அப்படியே இருக்கிறது. வீடு தள்ளிப்போனது, அந்தப் பழைய பதிவின்மேல் ஒழுங்காய்க் கட்டிய புதிய மாதங்கள் ஒவ்வொன்றாய் ஏறி வருகின்றன. கடன் கொடுப்பவர் அதிகமாய்க் கவனிப்பது அண்மைக்கால நடத்தையையே.

பிள்ளைகளுடைய படிப்பைக் குறித்துக் கலங்குகிறவர்கள் ஒன்றை அறியவேண்டும். மதிப்பெண் குறைவு என்பதற்காக மாத்திரம் கல்விக்கடனை மறுக்கலாகாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2023 மே மாதத்தில் ஒரு மாணவனின் வழக்கில் கூறியது. அவனுடைய பழைய கடன்களில் ஒன்றில் 16,667 ரூபாய் நிலுவை இருந்தது.

ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு வேறு இரண்டு கண்ணிகளும் உண்டு. பழைய விலாசத்துக்குப் போகும் வங்கிக் கடிதம் நம் கையில் சேருவதில்லை. சபையில் ஒருவருக்காக அன்பினால் போட்ட ஜாமீன் கையெழுத்தும் நம்முடைய அறிக்கையிலேயே ஏறும்; அவர் கட்டத் தவறினால் பொறுப்பு நம்முடையது.

கடன் என்ற வார்த்தையைச் சொல்லவே நம்மிடையே வெட்கம். அந்த வெட்கத்தையே தரகர்கள் விலைக்கு வாங்குகிறார்கள். ஆகையால் கணவனும் மனைவியுமாய் உட்கார்ந்து, அறிக்கையை வரிவரியாய் வாசியுங்கள். பொய்யை மறுத்து எழுதுங்கள். மெய்யைக் கட்டித் தீருங்கள்.